‘எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க’

போன வாரம் கடைக்கு வந்திருந்தேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியாது. படப்பை ரோட்டில் இருக்கும் இந்த சைக்கிள் கடையில் சர்வீஸ் பிரிவை நெடுங்காலம் பார்த்துக்கொண்டவள் நான். முட்டி தேய்ந்து, குனிந்தால் நிமிர முடியாது என்று ஆன பிறகு வேலையை விட்டேன். அன்று ஒரு பிரேக் கேபிள் வாங்கத்தான் வந்தேன். கவுண்டரில் உங்களில் ஒருவர், கால் பெடலோடு பூட்டிக்கொள்ளும் கிளிப்லெஸ் பெடலும் அதற்கான ஷூவும் விற்றுக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர் தயங்கினார். “கால் மாட்டிக்கினா இன்னா பண்றது?” என்று கேட்டார். நம் ஆள் சிரித்துக்கொண்டே சொன்னார்: “எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க சார். விழுந்து எழுந்தாத்தான் சைக்கிளிஸ்ட்டு.”

கேபிள் வாங்காமலே திரும்பிவிட்டேன். வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அது நினைவுக்கே வந்தது. நான் கோபக்காரி என்று உங்கள் சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி முதலாளி என்னை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுதிவிட்டேன். இதில் அவரும் வருகிறார். படிக்கட்டும்.

நான் சொல்லப்போவது இசக்கியைப் பற்றி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே வந்து, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்தவள். தரம் பார்க்கும் பிரிவு. அச்சில் வார்த்து வரும் பாகங்களை விரலால் தடவிப் பார்த்து, எங்கே பிசிறு, எங்கே விரிசல் என்று சொல்ல வேண்டும். அவள் கைதான் அவள் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையிலிருந்து ஷிஃப்டுக்கு சைக்கிளில் போய்வர ஆரம்பித்தவள், அப்படியே சைக்கிள் மேல் ஆசைப்பட்டுவிட்டாள். அவளுடைய கம்பெனியில் ஒரு சைக்கிள் குழு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டோடு ஒரகடம் ரோட்டில் போவார்கள். குழுவை நடத்தியவர் அந்தக் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தார். எல்லாரும் அவரைக் கேப்டன் என்றே கூப்பிட்டார்கள், நாங்களும்தான். நல்ல உடற்கட்டு, நல்ல ஓட்டம். எது பேசினாலும் முதுகில் தட்டித்தான் பேசுவார். அவர் சொன்னால் குழுவே நம் கடையில் வாங்கும். அதனால் அவர் வந்தால் முதலாளி எழுந்து நிற்பார்.

இசக்கி ஒரு நாள் கையில் புது கிளிப்லெஸ் பெடலோடு வந்தாள். ஷூவும் வாங்கியிருந்தாள்.

“அக்கா, இதை மாட்டித் தாங்கக்கா. சாதா பெடல் போட்டவங்க எல்லாம் பின்னாடி குரூப்ல வரணுமாம். கேப்டன் சொல்லுதாரு.”

“உனக்கு இது வேணுமா?”

“தெரியலைக்கா. பின்னாடி குரூப்னா ஒரு மாதிரிலா பாக்காங்க.”

இந்தப் பெடலுக்குப் பெயரில்தான் கிளிப் இல்லை. ஷூவின் அடியில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பெடலில் அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். வெளியே வர காலைத் தூக்கக் கூடாது. குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பதறினால் மனித உடம்பு காலை மேலே தூக்கும், திருப்பாது. பிறந்ததிலிருந்து கால் அப்படித்தான் பழகியிருக்கிறது. அதை மாற்ற நாள் பிடிக்கும். அதனால்தான் பெடலின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகு வைத்திருக்கிறார்கள். தளர்த்தினால் கால் லேசாக வெளியே வரும். முறுக்கினால் வராது.

நான் இரண்டு பெடலின் திருகையும் கடைசிவரை தளர்த்திவிட்டேன். இசக்கியைக் கடைக்குப் பின்னால் இருந்த மண் தரைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தேன். மாட்டு, திருப்பு, எடு. மாட்டு, திருப்பு, எடு. அவளுக்கு வியர்த்துவிட்டது. இடது கால்தான் முதலில் வெளியே வர வேண்டும், உடம்பும் இடப்பக்கமே சாய வேண்டும் என்று சொன்னேன். நம் ஊரில் இடப்பக்கம் மண், வலப்பக்கம் லாரி.

“மெயின் ரோட்டுக்கு இப்போ போகாதே. கால் தானா திரும்புறவரைக்கும் இந்த மாதிரி மண் தரையில மட்டும் ஓட்டு. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு.”

சரிக்கா என்றாள். சொல்லவும் செய்தாள் போலிருக்கிறது. அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு குழுவுக்குப் பின்னால் நம் கடை வேன் போனது. டியூப், பம்பு, தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவோமே, அதுதான். முதலாளி ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். படப்பை தாண்டியதும் முன்னால் போகும் சைக்கிள்களில் இசக்கியைப் பார்த்தேன். அவள் முன் குழுவில் இருந்தாள்.

“அந்தப் பொண்ணை ரோட்டுக்குப் போகாதேன்னு சொல்லியிருந்தேனே சார்,” என்றேன்.

“கேப்டன் கூடத்தானே போவுது, வுடுங்க,” என்றார் முதலாளி.

ஒரகடம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வேகமாக வந்தால் மஞ்சளிலேயே தாண்டிவிடலாம் என்று முன்னால் இருந்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். கடைசி நொடியில் கேப்டன் கையைத் தூக்கி நிறுத்தினார். பழகியவர்கள் கால் ஊன்றி நின்றுவிட்டார்கள். இசக்கி நின்றாள், ஆனால் கால் வரவில்லை. அவள் இடது முட்டியை மேலே மேலே இழுப்பதை வேனிலிருந்தே பார்த்தேன். தூக்குகிறாள், திருப்பவில்லை. பிறகு திருப்பினாள். அதை நான் கண்ணால் பார்த்தேன். குதிகால் வெளியே போனது. அப்படியும் கால் வரவில்லை. இழுத்த இழுப்பில் உடம்பு எதிர்ப்பக்கம் சாய்ந்து, சைக்கிளோடு வலப்பக்கம் விழுந்தாள். அந்தப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் லாரி சிக்னலுக்காக மெல்ல உருண்டு வந்துகொண்டிருந்தது.

லாரியின் பிரேக் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் இறங்கி ஓடியபோது முன் சக்கரத்துக்கும் அவள் தலைக்கும் இடையில் ஒரு ஆள் உட்காரும் இடம்தான் இருந்தது.

நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். அவள் கீழே கிடக்கிறாள். இரண்டு காலும் பெடலில் பூட்டியே இருக்கின்றன. விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறாள், மணிக்கட்டு இருக்க வேண்டிய மாதிரி இல்லை. குழுவில் இருந்த இரண்டு பேர் பாய்ந்து வந்து சைக்கிளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். சைக்கிளைத் தூக்கினால் அவள் முட்டியும் சேர்ந்து திருகும். அவள் அலறினாள். கேப்டன், “காலைத் திருப்புமா, திருப்பு, திருப்பு!” என்று கத்திக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கம்பெனி பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

“யாரும் தொடாதீங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் பஸ் ஹாரனே நின்றுவிட்டது.

நானும் முதலில் பெடலைத்தான் பார்த்தேன். கையால் ஷூவைப் பிடித்துத் திருப்பினேன். கழலவே இல்லை. நான் தளர்த்திய பெடல் அப்படி இருக்க வாய்ப்பில்லை. ஏன் என்று யோசிக்க அப்போது நேரமில்லை. மூளையில் ஒன்றுதான் ஓடியது: ஷூதான் பூட்டியிருக்கிறது, கால் பூட்டியில்லை. ஷூவின் பட்டைகளைப் பிரித்தேன். அவள் காலை ஷூவிலிருந்து மெதுவாக உருவினேன், முதலில் ஒன்று, பிறகு மற்றது. ஷூ இரண்டும் பெடலிலேயே தொங்கின. சைக்கிளை அப்படியே தள்ளிவைத்துவிட்டு, வெறும் சாக்ஸ் காலோடு அவளைத் தூக்கினோம்.

லாரி ஓட்டிவந்தவர் இறங்கி வந்து நின்றார். உதடு காய்ந்திருந்தது. கோபத்தில் பேசுகிறாரா பயத்தில் பேசுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“இன்னாமா இது? காலைப் பூட்டு போட்டுக்கினு எவனாவது ரோட்டுல வருவானா? நான் மட்டும் போன் பாத்துக்கினு வந்திருந்தா?”

கேப்டன் அவர் முதுகில் தட்டி, “ஒண்ணும் ஆவல பாஸ், கிளம்புங்க,” என்றார். லாரிக்காரர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். “ஒண்ணும் ஆவலயா? அந்தப் பொண்ணு கையப் பாரு,” என்றார். பிறகு தன் வண்டியில் இருந்த துண்டை எடுத்து வந்து கொடுத்தார். அதில்தான் அவள் கையைத் தாங்கலாகக் கட்டினேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருத்துவமனைக்கு வேனிலேயே கொண்டுபோனோம். முதலாளி ஓட்ட, நான் பின்னால் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழியில்தான் கேட்டேன்.

“இசக்கி, நான் தளர்த்திக் கொடுத்த பெடலை யாரு தொட்டது?”

முதலில் யாருமில்லை என்றாள். பிறகு சொன்னாள். கிளம்புவதற்கு முன் டீக்கடையில் கேப்டன் அவள் பெடலை ஆட்டிப் பார்த்திருக்கிறார். “இவ்ளோ லூஸா இருந்தா வேகமா மிதிக்கும்போது கழண்டுரும்” என்று தன் சட்டைப்பையிலிருந்த திருகுச் சாவியால் இரண்டு பக்கமும் முறுக்கியிருக்கிறார். அக்கா ரோட்டுக்குப் போகாதேன்னு சொன்னாங்க சார், வேண்டாம் சார் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

“அதுக்கு இன்னா சொன்னாரு?”

“எல்லாரும் ஒரு தடவை விழத்தான் செய்வாங்க, இன்னைக்கு உன் டர்ன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்கக்கா. ஒருத்தரு, விழும்போது வீடியோ எடுக்கணும்னு போனை வெளிய எடுத்தாரு.” துண்டில் கட்டியிருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நானும் சிரிச்சேன்.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்றுவரை அடங்கவில்லை.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. தகடு வைத்தார்கள்.

மறுநாள் ஒரு ஆளைத் தள்ளிவர வைத்து, கேப்டனே அவள் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவந்தார். ஷூ இன்னும் பெடலில்தான் இருந்தது. “நல்லா வாஷ் பண்ணி, சர்வீஸ் போட்டு வைங்க, பெடலையும் செட் பண்ணிருங்க,” என்றார். சிரித்த முகம். நான் சைக்கிளை வாங்கி ஓரமாக நிறுத்தினேன். கை வைக்கவில்லை. கேப்டன் முதலாளியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“கம்பெனி பேர் போட்ட டி-ஷர்ட்ல நடந்துருச்சாம். அவங்க சேஃப்டி ஆளுங்க விசாரிக்கிறாங்களாம். நம்மளுக்கு போன் வரும். பெடல் மாட்டும்போது நம்ம கடையில கொஞ்சம் டைட்டா வச்சிட்டோம்னு சொல்லிட்டா, இதோட முடிஞ்சிரும். அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணும் பிரச்சனை இல்ல, அவருக்கும் இல்ல.”

“நீங்களும் வேன்லதானே சார் இருந்தீங்க? அவ சொன்னதை நீங்களும்தானே கேட்டீங்க?”

“கேட்டேன் மேடம். ஆனா பெரிய கூட்டம் அது. கடை நடக்கணும்ல?”

“நான் தளர்த்தி வச்சதை நான் முறுக்கினேன்னு சொல்லச் சொல்றீங்க.”

“ஒரு வார்த்தைதானே.”

“அந்த ஒரு வார்த்தையச் சொன்னா, நாளைக்கு இன்னொரு பொண்ணு பெடலையும் அவர் முறுக்குவார் சார்.”

நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். அப்போதே அந்த சேஃப்டி ஆளுக்கு நானே போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. போனைக் கையில் எடுத்தும்விட்டேன். எண்ணை அழுத்தும் முன் ஒன்று தோன்றியது. எனக்குக் கோபம் இருக்கிறது, ஆனால் என் வேலை போகப்போவதில்லை. போனால் போவது இசக்கியின் வேலை. அவளைக் கேட்காமல் அவளுக்காகக் கோபப்பட எனக்கு என்ன உரிமை?

மருத்துவமனைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

“சொல்லாதீங்கக்கா. டிரெய்னிங் முடியப் போகுதுல்லா. பெர்மனன்ட் பண்ணுதது அவரு கையெழுத்துலதான். ஊர்ல தம்பி படிக்கான். உங்க கடைத் தப்புன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் நல்லதுதானேக்கா?”

“என் கடைத் தப்பு இல்லையே, இசக்கி.”

“தெரியும்க்கா.”

தகடு வைத்த கை தலையணை மேல் கிடந்தது. விரல்கள் வீங்கியிருந்தன. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள், வேலையில் பாகத்தைத் தடவுவதுபோல. “உணர்ச்சி குறைவா இருக்குக்கா,” என்றாள். அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் இவள் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த ஆள் தப்புவார். பொய் சொன்னால் நான் மனுஷியே இல்லை. இந்த மூன்றையும் எப்படித் திருப்பிப் போட்டாலும் யாருக்கோ வலித்தது. கடைசியில் ஒன்று முடிவு செய்தேன். என்னைப் பற்றிய உண்மையை நான் சொல்வேன். அவளைப் பற்றிய உண்மையை அவள்தான் சொல்ல வேண்டும்.

சேஃப்டி ஆள் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“பெடல் உங்க கடையிலதான மாட்டினது?”

“ஆமா.”

“டைட்டா வச்சிட்டீங்களா?”

“இல்ல சார். எவ்ளோ தளர்த்த முடியுமோ அவ்ளோ தளர்த்தித்தான் கொடுத்தேன். ரோட்டுக்குப் போகக் கூடாதுன்னும் சொன்னேன்.”

“அப்போ யாரு டைட் பண்ணது?”

“அதை ஓட்டினவங்களைக் கேளுங்க. ஆனா அவங்க மேலதிகாரி உக்காந்திருக்கிற ரூம்ல வச்சுக் கேக்காதீங்க.”

“புரியுது மேடம்” என்றார். சைக்கிளைப் பார்க்கலாமா என்று கேட்டார். அதற்காகத்தான் தொடாமல் வைத்திருக்கிறேன் என்றேன். அன்று மாலையே வந்தார். திருகைப் பார்த்தார், ஷூவைப் பிடித்து அவரும் திருப்பிப் பார்த்தார், குறித்துக்கொண்டு போனார். முதலாளி அவ்வளவு நேரமும் கடையின் மறுகோடியில் நின்று எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

இசக்கி என்ன சொன்னாள் என்பதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். தனியாகத்தான் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். முதலில் தானாக விழுந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். சரி, கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவை நீட்டியிருக்கிறார்கள். வலது கை கட்டில் இருக்கிறது. இடது கையால் பேனாவை வாங்கியிருக்கிறாள். பேனா நிற்கவில்லை, விழுந்துவிட்டது.

“அப்ப எனக்கு என்னவோ ஆயிட்டுக்கா. சார்தான் முறுக்கினாரு, நான் வேண்டாம்னு சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொல்லிட்டேன். ஒரே மூச்சுல. சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.”

இதன் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கம்பெனி அந்தக் குழுவைக் கலைத்தது. கேப்டன் மேல் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர் இன்னொரு இடத்தில் வேறு பெயரில் புதுக் குழு ஆரம்பித்தார். சேரவும் ஆள் இருந்தது. அந்தக் கூட்டம் நம் கடைக்கு வருவதை நிறுத்தியது. முதலாளி என்னோடு முகம் கொடுத்துப் பேச ரொம்ப நாளாயிற்று. இசக்கியோடு சேர்ந்தவர்களை எல்லாம் நிரந்தரமாக்கிய பிறகும் அவளைக் காக்க வைத்தார்கள். விரலில் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. தடவிப் பார்க்கும் வேலையிலிருந்து மாற்றி, கேமரா வைத்துப் பார்க்கும் இயந்திரத்தில் போட்டார்கள். அங்கேதான் கடைசியில் நிரந்தரமானாள். நல்லதுதானேக்கா என்று அவள் கேட்பாள். நான் ஆமாம் என்று சொல்ல மாட்டேன்.

கட்டுப் பிரித்த பிறகு சைக்கிளை எடுக்க வந்தாள்.

“இந்தப் பெடலே இருக்கட்டுமா, மாத்தணுமா?” என்று கேட்டேன். எந்தப் பதிலையும் முகத்தில் காட்டாமல்தான் கேட்டேன். நன்றாகப் பழகிக்கொண்டு அந்தப் பெடலில் ஓட்டும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். குற்றம் பெடலில் இல்லை.

ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். “கழத்திருங்கக்கா,” என்றாள். “எனக்கு வேணும்னு தோணுனா நானே வந்து கேக்கேன்.”

சாதா பெடலை மாட்டிக் கொடுத்தேன். கடை வாசலில் ஏறி மிதித்தாள். ஷேர் ஆட்டோ ஒன்று குறுக்கே வந்தது. காலை ஊன்றினாள், அது போனதும் மறுபடி மிதித்துப் போய்விட்டாள்.

பிள்ளைகளே, உங்களிடம் கேட்பது இதுதான். யார் வந்து இந்தப் பெடலைக் கேட்டாலும், அவர் கால் அதிலிருந்து வெளியே வருவதை உங்கள் கண்ணால் பார்க்காமல் அவரை ரோட்டுக்கு அனுப்பாதீர்கள். ஏன் வேண்டும் என்று கேளுங்கள். ‘அவர் சொன்னாரு’, ‘குரூப்ல சிரிக்கிறாங்க’ என்று பதில் வந்தால் பெடலை அலமாரியில் திருப்பி வையுங்கள்.

நான் வேலையை விடுவதற்குச் சில நாள் முன்பு ஒருவர் வந்தார். ஏதோ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர். கேப்டனின் புதுக் குழுவில் சேர்ந்திருக்கிறார், நாளைக்கே ரைடு, உடனே பெடல் மாட்ட வேண்டும் என்றார். பின்னால் மண் தரைக்கு வாருங்கள், கொஞ்ச நேரம் பழகிவிட்டுப் போங்கள் என்றேன்.

“டைம் இல்ல மேடம். விழுந்தா விழுந்துக்கிறேன்.”

“அப்போ நான் மாட்டித் தரமாட்டேன்.”

“வேற கடையே இல்லியா?” என்று கோபமாகக் கேட்டுவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வேறு கடை இருந்தது. அங்கே மாட்டிக் கொடுத்திருப்பார்கள், சிரித்துக்கொண்டே.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. மறுநாள் எந்த சிக்னலில் நின்றார், எந்தப் பக்கம் சாய்ந்தார், வீடு போய்ச் சேர்ந்தாரா, எதுவும் எனக்குத் தெரியாது.